அமேசன் காரின் கூரையில் ஐந்து குழிகள்

காரின் கூரையில் ஏன் குழி விழுகிறது என்பது பதினான்கு மாதங்களாக எனக்கு விளங்கவில்லை. கார் என்றால் ஒரு சாணுக்கும் குறைவான மாதிரிக் கார். நிஜக் காரில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. நீங்கள் போன கிழமை வந்தபோது மேசையில் பார்த்தீர்களே, டானியல், அந்தச் சிவப்பு வொல்வோ அமேசன். "என்னண்ணை, முகம் தெரியுது, எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டீர்கள். எங்கள் கட்டட நிர்வாகக் குழுவின் புதிய தலைவராக நீங்கள் வந்தது வேறொன்றைக் கேட்க. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அதனால் முறைப்படி எழுதித் தருகிறேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பிளாஸ்டிக் கூட்டைச் சவர்க்காரத்தில் கழுவ வேண்டும். வார்ப்பு இணைந்த கோடுகளை நனைத்த மண்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன்மேல் சிவப்பு, கடைசியில் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. எல்லாம் காற்றோடு துமித்து அடிப்பது. என் குளியலறைதான் பட்டறை. கூட்டின்மேல் எண்ணெய் ஒரு புள்ளி இருந்தாலும் வர்ணம் அந்த இடத்தைத் தொட மறுத்து வட்டமாக விலகி நிற்கும். எங்கள் பொழுதுபோக்கில் அதை மீன்கண் என்போம். ஒரு மில்லிமீற்றர்தான். நிஜக் காருக்கு அது உளுந்து வடையின் நடு ஓட்டை அளவு.

வடை என்ற சொல்லை வீணாகச் சொல்லவில்லை. எனக்கு நேர் கீழே, ஐந்தாம் மாடியில், அருள்ராணியும் ஸ்ரனிஸ்லாஸும் வாடகைக்கு இருந்தார்கள். அருமையான சனங்கள். ஸ்ரனிஸ்லாஸ் லிஃப்டில் கண்டால் விடமாட்டார்: "ஜெயண்ணை, உந்தக் காரிலை எங்களை எப்ப ஒஸ்லோ தாண்டி லோறென்ஸ்கூக்குக்கு ஏத்திக்கொண்டு போகப் போறியள்?" அருள்ராணி முதியோர் இல்லத்தில் வேலை. நான் விடுதியொன்றில் பாத்திரம் கழுவுகிறவன். போன வருடம் தை மாதம் என் கையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணை இது, கையே மரப்பட்டையே? இந்தாங்கோ, எங்கடை ஆச்சிமாருக்குப் பூசிறது. காலமை காலமை பூசுங்கோ" என்று ஒரு கிறீம் தந்தார். பூசினேன். ஒரே வாரத்தில் கை பூப்போல ஆனது.

அந்த மாதமே குழிகள் தொடங்கின. அருள்ராணி சனிக்கிழமைகளில் ஓடருக்கு வடை சுடுவார். குளியலறையின் காற்றுக்குழாய் வழியாக வாசம் மேலே வரும். குழிகளும் சனிக்கிழமைகளில்தான் விழுந்தன. வாரநாளில் ஒன்றுகூட விழவில்லை. வாரநாளில் நான் வர்ணம் அடிப்பதே இல்லை என்பதை அப்போது யோசிக்கவில்லை. எண்ணெய்ப் புகை மேலே ஏறுகிறது, கூரையில் படிகிறது, குழி விழுகிறது. எவ்வளவு நேர்த்தியான விளக்கம் என்று பாருங்கள். அன்றிரவு சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் உடனே நிறுத்தியிருப்பார். ஆனால் பிறகு லிஃப்டில் முகம் பார்க்க ஒரு மாதிரி இருக்கும்.

வர்ணத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் வழிந்துவிடும். மெல்லிசாக அடித்து, காயவிட்டு, திரும்ப அடிக்க வேண்டும். ஏழு பூச்சில் ஆழம் வரும். நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதங்களையும் அப்படித்தான் செய்தேன். பெயர் போடாமல், நோர்வேஜியனில், வயதான ஒரு பெண் எழுதுவதுபோல, நல்ல மரியாதையாக. முதல் கடிதத்தில் வாசம் மட்டும். பத்து நாள் காயவிட்டேன். இரண்டாவதில் படிக்கட்டுச் சுவரில் பிசுக்கு. மூன்றாவதில் இரவும் பகலும் ஆட்கள் வந்துபோவதாக. நான்காவது சும்மா மண்தாள் போடுவது போல, முந்தியவற்றுக்கு ஏன் பதில் இல்லை என்று. ஐந்தாவதில் கரப்பான் பூச்சி. அது இல்லை, ஆனால் அந்த இடத்தில் நிறம் சற்றுத் தேவைப்பட்டது. ஆறாவதில் அடுப்புத் தீ. ஏழாவது பளபளப்புப் பூச்சு: "வயதானவர்கள் நாங்கள் பயந்துபோய் இருக்கிறோம்." அதை எழுதிவிட்டு நானே இரண்டு முறை வாசித்தேன். ஒரு தூசிகூட இல்லை.

அப்போதைய குழு வீட்டின் சொந்தக்காரருக்கு அறிவித்தது. அவர் வாடகை ஒப்பந்தத்தை நிறுத்தினார்.

அருள்ராணி என் வாசலில் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. "ஆரண்ணை உப்பிடி எழுதினது? ஒரு நாள் வந்து சொல்லியிருந்தா நான் சட்டியை எடுத்து வைச்சிருப்பனே. கரப்பானாம். நான் நிலத்தைத் தேய்க்கிற தேய்ப்பு இவருக்குத் தெரியும்."

"எனக்கென்ன தெரியும் பிள்ளை," என்றேன். "நாலாம் மாடி கெர்ட் அம்மா உங்கடை வாசலிலை மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைக் கண்டனான்."

கெர்ட் நோர்வேஜியப் பெண், எண்பத்திரண்டு வயது. மூக்கைப் பொத்திய அன்று அவருக்குத் தடிமன் பிடித்திருந்தது. அதன்பிறகு அருள்ராணி கெர்ட்டோடு கதைக்கவில்லை. தமிழ்ச் சனம் ஒருவரும் கதைக்கவில்லை. கெர்ட் ஏனென்று தெரியாமல் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒஸ்லோவில் கட்டக்கூடிய வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் பதினொரு வருட வேலையை விட்டுவிட்டு பேர்கனில் தம்பியின் நிலக்கீழ் அறைக்குப் போனார். ஆவணியில் சாமான் ஏற்றினோம். வடைச்சட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அருள்ராணி வாகனத்தில் ஏறுமுன் இரண்டாவது கிறீமை என் கையில் வைத்தார். "குளிர் வரப்போகுதண்ணை. இனி ஆர் உங்கடை கையைப் பாக்கிறது?"

அடுத்த சனிக்கிழமை காற்றுக்குழாயில் ஒரு வாசமும் இல்லை. ஆவலோடு அடித்தேன். ஐந்து குழி.

வர்ணத்தைக் கரைத்து நீக்கி, திரும்ப அடித்தேன். ஐந்து குழி. மாசி வரைக்கும் அதே. கடைசியில் பங்குனியில் ஒரு நாள் கூரையைக் குழாய்விளக்கின் கீழே சரித்துப் பார்த்தேன். நான்கு குழிகள் ஒரு ஓரத்தில் வரிசையாக, ஒன்று மறு ஓரத்தில் தனியாக. என் வலது கையை அதன்மேல் வைத்தேன். நான்கு விரலும் பெருவிரலும் அப்படியே பொருந்தின. கூட்டைக் கழுவித் துடைத்த பிறகு, தாங்கியில் வைக்க அப்படித்தான் தூக்குவேன். கிறீமின் பின்பக்கத்தை வாசித்தேன். சிலிக்கன் இருக்கிறது. வர்ணத்துக்கு எண்ணெயைவிட அதுதான் கொடியது.

நான் குளியலறையிலேயே கைதட்டிவிட்டேன், டானியல். அப்படி ஒரு விடை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஏழு கடிதங்களையும் எழுதியது நான். கெர்ட் அம்மா ஒன்றும் எழுதவில்லை. அவரை இனி விசாரிக்க வேண்டாம். ஆனால் ஒன்றை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்: கூரையில் பட்ட பிசுக்கு அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. அந்த அளவில் என் கணிப்பு சரி.

வர்ணம் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். கூட்டைக் கழுவிய பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை போட வேண்டும். ஸ்டோவ்னர் சென்டரில் கிடைக்கிறது, ஒரு பெட்டியில் நூறு.