காக்காட கார்டு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் உதைபந்தாட்டக் கழகச் செயலாளர் என்று பேச்சில் தெரிந்தது.

“மச்சான், சம்மேளனம் இந்த வருசத்து விளையாட்டுக்காரர் கார்டெல்லாம் அனுப்பியிரிக்கி. அதுக்குள்ள உங்கிட காக்காட கார்டும் கிடக்கு.”

“விசரா உனக்கு? என்ட கூடப்பொறந்த மூத்தவர சுனாமி கொண்டு போனதே. பழைய பேர் கிடந்திரிக்கும்.”

“பேர் பழசு. படம்தான் புதிசு. தாடியெல்லாம் நரைச்சிரிக்கி.”

“ஆரு குடுத்த படம்?”

“நாங்க குடுக்கல்ல.”

மற்றவர் கார்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“அடக்கம் பண்ண மையித்தும் கிடைக்கல்லதானே” என்றார் செயலாளர்.

“அதக் கதைக்காத. அவர்ர பொஞ்சாதிய நான் நிக்காஹ் முடிச்சி பதினெட்டு வருசம்.”

ஒலுவில் சந்தியில் செயலாளர் எழுந்தார். “எழும்பு மச்சான், ஊர் வந்திட்டு.”

மற்றவர் எழும்பவில்லை.

“படத்தில பின்னால தெரியிற சுவரப் பாரு. எங்கிட ஊட்டுச் சுவர். போன பெருநாளைக்குத்தான் நான் பச்சை அடிச்ச.”