ஏ வண்டியின் கண்டக்டர் யுவெட் பிராத்வெயிட் அம்மையாரின் குரல்

அனைவரின் மேலான கவனத்திற்கு! இன்று காலை எட்டு பத்துக்கு யூட்டிகா அவென்யூ நிலையத்தில் புறா ஒன்று நம் சுரங்க ரயிலான ஏ வண்டியில் ஏறியது. கதவில் சாயவில்லை. யாரையும் இடிக்கவில்லை. அடுத்த நிலையமான நோஸ்ட்ராண்டில் ஒழுங்காக இறங்கிச் சென்றது. டிக்கெட் எடுத்ததா என்பது மட்டும் தெரியவில்லை.

இதை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியவர் இன்று இல்லை.

மேடையில் வீற்றிருக்கும் பாஸ்டர் ஐயா அவர்களே, ஓட்டுநர் பெட்டிஃபோர்ட் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் மகள் செலஸ்ட் அக்கா அவர்களே, தினமும் என் காலை மிதித்துவிட்டு என்னிடமே “பாத்து நில்லுடா” என்று சொல்லும் புரூக்ளின் பயணிகளே! வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் எங்களை இறங்கச் சொன்னவர், ஒரே செவ்வாய்க்கிழமையில் இரங்கச் சொல்லிவிட்டாரே! இது நியாயமா? அந்த இருதயத்துக்கு நிற்க வேறு இடமே கிடைக்கவில்லையா?

டோக்கன் போட்டு நுழைந்த காலத்தில் வேலைக்கு வந்தார். டோக்கன் போய் அட்டை வந்தது. அட்டையும் போய், இப்போது போனைத் தட்டினால் வாயில் திறக்கிறது. காசு கொடுக்காமல் தாண்டிக் குதிப்பவன் மட்டும் அன்றும் குதித்தான், இன்றும் குதிக்கிறான். நான் அவனில்லை.

இரண்டாயிரத்து மூன்றில், மின்சாரம் போய் ஊரே இருண்ட அந்த ஆகஸ்டில் ஆற்றுக்கு அடியில் வண்டி நின்றுவிட்டது. நான் அப்போது பிறக்கவில்லை. பெட்டிஃபோர்ட் ஐயா சொல்லித்தான் தெரியும். “முன்னாடி நிக்கறவர் தோள்ல கைய வைங்க. புடிக்காத ஆளா? பரவால்ல, வெளிச்சத்துக்குப் போயி சண்ட போட்டுக்கலாம்” என்றாராம் அம்மையார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே எண்ணூறு பேர் சுரங்கத்தில் நடந்தார்கள். டார்ச் விளக்கையா பிடித்தார்கள்? இல்லை! குரலை!

எனக்கும் அந்தக் குரல் பழக்கம். ஒருநாள் கதவில் கால் வைத்தேன். வண்டி முழுக்கக் கேட்டது: “நடுப்பெட்டில மஞ்சச் சட்ட போட்ட ராசா, கால எடு. அது ஒனக்கு வேணும், கதவுக்கு வேணாம்!”

பழிவாங்காமல் விடுவேனா? நடைமேடையின் நடுவே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட வரிக்குதிரைப் பலகை தொங்குகிறதல்லவா? வண்டி நின்றதும் கண்டக்டர் ஜன்னலைத் திறந்து அதை நோக்கி விரல் நீட்டியே ஆக வேண்டும். அப்புறம்தான் கதவு திறக்கும். வண்டி சரியான இடத்தில் நின்றதைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளம்; அது வேலை விதி. அதன் அடியில் ஓர் அட்டையோடு நின்றேன்: ‘ஜவோன் கணக்கில் தேறுவான் என்று நம்புவோர் இங்கே விரல் நீட்டவும்.’ நீட்டாமல் முடியுமா! ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டு, மறு கையால் நீட்டினார். உலகத்தில் என்னை நம்பிய ஒரே விரல்!

பள்ளி விட்டதும் தினம் ஓர் அட்டை, தினம் போனில் ஒரு வீடியோப் பதிவு. “கண்டக்டர் அம்மாவ அறுபத்தோரு தடவ பதிவு பண்ணவன் நான் ஒருத்தன்தான்” என்று ஊரெல்லாம் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் செலஸ்ட் அக்கா என்னைத் தேடி வந்தார்.

“டேய் ஜவோன், அம்மா கொரல் எங்கிட்ட ஒண்ணுகூட இல்லடா. வாய்ஸ் மெயில்லயும் கம்பெனிக் கொரல்தான் பேசுது. நெசமாவே வெச்சிருக்கியா?”

“ஆல்பமே போடலாம்க்கா!”

“ஒண்ணு போதும்டா.”

அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பெரிய ஒலிப்பெட்டியை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்! இன்னும் சபதம் எடுக்கவில்லை. கண்டக்டர் அம்மா! இனி எங்கள் கால் கதவைத் தடுக்காது! இறங்குபவருக்கு வழிவிட்ட பிறகே ஏறுவோம்! உங்கள் பணியை நாங்கள் தொடர்வோம், தொடர்வோம்!

இப்படி முழங்கிவிட்டு நாற்காலிக்கு ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. அக்கா, அந்த ஒலிப்பெட்டியைப் பார்க்காதீர்கள்.

நேற்று அறுபத்தொன்றையும் போட்டுக் கேட்டேன். எல்லாமே நடைமேடையில் நின்று பிடித்தவை. அவர் மைக்கில் பேசுவது தெரிகிறது, வாய் அசைகிறது. பேச்சு மொத்தமும் வண்டிக்குள் போய்விடுகிறது. வெளியே கேட்பது நான் இளிக்கிற சத்தம் மட்டும். வண்டிக்குள் இருந்த நாட்களில் பதிவு செய்யத் தோன்றவே இல்லை. நாளைக்கும்தான் பேசுவாரே என்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன்.

இங்கே யாருடைய போனிலாவது, ஏதாவது ஒரு நிலையத்தின் பெயராவது இருக்கிறதா? தேடிப் பாருங்களேன், காலில் விழுகிறேன்! என்னிடம் இருப்பது அறுபத்தொரு விரல், அக்கா. குரல் ஒன்றுகூட இல்லை.