நாலாவது டப்பா

படம் ஓடும்போது பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது ஐயா. உங்களுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன். என் வாக்குமூலத்தை அதிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

என் பெயர் கோவர்த்தனன். சொந்த ஊர் நகரி. உத்தியோகம் சித்தூரில், எல்லைப் பங்கீட்டுக்காகத் தற்காலிகமாகத் திறந்த ஓர் ஆபீசில் குமாஸ்தா. எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எந்தக் கிராமம் மதராசுக்கு என்று இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம். ஊர் ஊராகத் தமிழ் பேசுகிறவர் எத்தனை, தெலுங்கு பேசுகிறவர் எத்தனை என்ற பட்டியலைப் படி எடுப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் தலைகளை எண்ணுகிறவனுக்கு ஏழாவது நாள் கொஞ்சம் கலை வேண்டாமா? அதற்காகத்தான் நகரியில் பிறநாட்டுத் திரைப்பட ரசிகர் சங்கத்தை ஆரம்பித்தேன்.

நெசவாளர்களின் நூல் கிடங்குதான் எங்கள் கொட்டகை. கிடங்குப் பொறுப்பில் இருந்த நாகபூஷணம் சாவி கொடுத்தார். பள்ளிக்கூட டீச்சர் தாட்சாயணியம்மா நான்கு வேட்டிகளைச் சேர்த்துத் திரை தைத்துக் கொடுத்தார். மதராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மைத்துனன், கப்பலில் வருகிறவர்களைப் பிடித்து ஃபிலிம் டப்பாக்களை இரவல் வாங்கி ரயிலில் அனுப்புவான். பிரெஞ்சு, இத்தாலி, போலந்து என்று என்னென்னவோ வரும். எங்கள் பத்தொன்பது பேரில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்போடு நின்று நான்தான் விளக்கம் சொல்வேன்.

எனக்கும் புரியாது என்பது உண்மைதான். ஆனால் கலையை ரசிக்கப் பாஷை எதற்கு? முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒருத்தி அழுதால் மாமியார் கொடுமை என்பேன். ஒருவன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றால் சந்நியாசம் வாங்கப் போகிறான் என்பேன். நான்கு வருஷம் ஒருவரும் குறை சொன்னதில்லை. தாட்சாயணியம்மா நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார்.

பிறகு துலுக்காணம் வந்தான். நொச்சிக் கண்டிகை ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடிசைக்காரன். அவர்களுக்குப் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து ஒரு குழி நிலம் கிடையாது. சமீபத்தில்தான் சர்க்கார் ஏரிக்குக் கீழே ஆளுக்கு ஓர் ஏக்கர் பட்டா கொடுத்திருந்தது. யுத்தத்தின்போது பட்டாளத்தோடு இத்தாலி போய் ரோடு போட்டவன். நூல் மூட்டை இறக்க வந்தவன், படம் பார்க்கட்டுமா என்று கேட்டான். உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டேன். எனக்குப் பேதமெல்லாம் கிடையாது ஐயா. மற்றவர்கள் ஜமக்காளத்தில் உட்காருவார்கள். அவனுக்குக் கதவுக்கு வெளியே தனி முக்காலியே போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கு ஓர் இத்தாலிப் படம். ஆறு டப்பா. எடுத்தவுடன் ஒரு கிழவனுடைய மனைவியின் சவ ஊர்வலம். அடுத்த டப்பாவில் செத்தவளே எழுந்து வந்து அவனுக்குச் சேமியா மாதிரி ஏதோ பரிமாறினாள். நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இது மறுபிறவி. கர்ம வினை மேல்நாட்டானுக்கும் உண்டு என்று காட்டுகிறார்கள்" என்றேன். தாட்சாயணியம்மா அடிக்கோடு போட்டார். பிறகு கிழவன் ஒரு கதவைத் தலையில் சுமந்துகொண்டு தெருத் தெருவாக நடந்தான். அந்தக் கதவுதான் அவன் செய்த பாவம் என்றேன்.

முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"கோவிச்சிக்காதீங்க சாமி. டப்பா மேல நாலுன்னு அவங்க பாஷையில எழுதிக்கீது. நீங்க அத்த மொதல்ல போட்டுட்டீங்க. கதவு பாவமும் இல்ல ஒன்னும் இல்ல. வூட்டுச் சொந்தக்காரன் கெழவன வெளிய தொரத்திட்டான். கதவு அவன் கையால செஞ்சது. அதான் பேத்து எடுத்துக்கினு போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிப் படத்தை நிறுத்தினேன். கரண்ட் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை வரிசையாகப் போடச் சொன்னார்கள். பிரம்பைத் துலுக்காணத்திடம் கொடுத்தார்கள். கடைசி டப்பா ஓடும்போது தலைவலி என்று நான் வெளியே போய் நின்றேன். உள்ளே பெரிய பெரிய ஆட்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. எதற்கு அழுதார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதும் கௌரவமாக இல்லை. அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு தனியாகப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். கிழவன் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரே ஒரு வரி சொல்கிறான். அதோடு படம் முடிகிறது.

நாகபூஷணம் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "கோவர்த்தனன்காரு, இனிமே துலுக்காணமே சொல்லட்டும். நீங்க டப்பா மாத்துங்க, அது சாலு, போதும்."

இது பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். விளக்கம் என்பது ஒரு பொறுப்பு. பாஷை தெரிந்தவனிடமெல்லாம் அதைக் கொடுத்துவிட முடியுமா? நானும் பொறுத்துத்தான் பார்த்தேன். புரொஜெக்டரின் சத்தத்தைக் கூட்டினேன். பேசாத படமாக வரவழைத்தேன். அதிலும் அவன் வாயசைவைப் பார்த்தே ஏதோ சொல்லிவிட்டான். விலக்கலாம் என்றால் ஓட்டெடுப்பு வேண்டும். இருபதில் பத்தொன்பது ஓட்டு அவனுக்குத்தான்.

மிச்சமிருந்தது ஐந்தாவது விதி. உறுப்பினர் ஆந்திராவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். சங்கத்தைப் பதிவு செய்தபோது ஒரு கம்பீரத்துக்காக நானே எழுதிச் சேர்த்தது. அவனோ ஆந்திராவில்தான் குடியிருந்தான். விதியை மீற எனக்கு மனம் வராது ஐயா. அதனால் எல்லையை நகர்த்தினேன்.

பெரிய வேலையில்லை. நொச்சிக் கண்டிகை ஊரும் குடிசைகளும் சேர்ந்து ஒரே கிராமம். தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம் என்பதால் அது ஆந்திராவிலேயே இருந்திருக்கும். ஒரு தாளில் இருந்ததை நான் இரண்டு தாளாக எழுதினேன். ஊரும் ஏரியும் ஒரு தாள். குடிசைகளும் அவர்களுடைய நிலமும் இன்னொரு தாள். இரண்டாவது தாளில் அத்தனை பேரும் தமிழ். பக்கத்து ஊரும் மதராசுக்குப் போவதால் நடுவில் இடைவெளியும் விழவில்லை. ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன். மேலே மூன்று பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி எண்பத்திரண்டு குடும்பங்கள் மதராஸ் ராஜ்யத்தில் கண் விழித்தன. தமிழர்கள் தமிழ் ராஜ்யத்துக்குப் போனதில் என்ன தப்பு?

அந்த ஞாயிற்றுக்கிழமை துலுக்காணம் வந்தபோது, வாசலில் வைத்து ஐந்தாவது விதியைப் படித்துக் காட்டினேன். "சரிங்க சாமி" என்றான். மழையில் நனையப் போகிறது என்று முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனான்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். ஏரி ஆந்திராவில், வயல் மதராசில். வேறு ராஜ்யத்துக்கு மதகு திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று மதகுச் சாவியை அதிகாரிகள் வாங்கி வைத்துவிட்டார்கள். துலுக்காணத்தின் பெண்டாட்டி செல்லியம்மா மனுவோடு சித்தூருக்கு என் மேஜைக்கே வந்தாள்.

"ஏரி எங்க கண்ணு முன்னால தளும்பிக்கினு கீது நைனா. தொறக்கணும்னா ரெண்டு சர்க்காரும் பேசி முடிக்கணுமாம். அது வரிக்கும் பயிரு காத்துக்கினு இருக்குமா?"

மனுவை வாங்கி முறைப்படி மதராசுக்கு அனுப்பினேன். ஏரி உங்களுடையது என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். நிலம் உங்களுடையது என்று நான் மறுபடியும் அனுப்பினேன். ஒரு நாள்கூடத் தாமதம் செய்யவில்லை, பதிவேட்டைப் பாருங்கள். இரண்டு போகம் காய்ந்தது. துலுக்காணத்தின் தம்பி ரங்கையா கிணறு வெட்டினான். மண் சரிந்து உள்ளேயே போய்விட்டான். அந்த மண்ணில் கிணறு வெட்டக் கூடாது என்று பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். வெட்டச் சொன்னது நானில்லை.

சங்கத்தில் பிரம்பு என் கைக்குத் திரும்பி வந்தது. ஆனால் ஆறு பேர்தான் வந்தார்கள். தாட்சாயணியம்மா நோட்டைத் திறப்பதில்லை. கடைசியில் நாகபூஷணமே, "அந்தக் கதவுப் படத்தை இன்னொரு தரம் போடுங்க" என்றார். போட்டால் கடைசி வரியை நான் சொல்லியாக வேண்டும்.

அதனால் ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டிகைக்குப் போனேன். பாதிக் குடிசைகள் காலி. ஏரி நிறைந்துதான் இருந்தது. துலுக்காணம் எதிரே வந்தான். தலையில் ஒரு கதவு. பின்னால் செல்லியம்மா, கையில் அண்டா. பாகாலாவில் ரயில் பாதை வேலைக்குப் போகிறார்களாம். பாகாலா ஆந்திராவில் இருக்கிறதே, ஐந்தாவது விதி அவனை மறுபடியும் உள்ளே விட்டுவிடுமே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் போன வேலையை முதலில் பார்க்க வேண்டுமே.

"துலுக்காணம், அந்தப் படத்தில கெழவன் கடைசியா என்னப்பா சொல்றான்?" என்று கேட்டேன்.

அவன் கதவை இறக்கி என் சைக்கிள்மேல் சாய்த்து வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். என்னையே பார்த்தான்.

"இந்தக் கதவ நான் எங்க மாட்டறது?" என்றான்.

அப்புறமும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். படத்தின் வசனம்தானே என்று நான் பதில் சொல்லவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன். கதவைத் தூக்கிவிட ஒரு கை கொடுத்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எல்லையை நகர்த்தியது நான்தான் ஐயா. நீங்கள் காட்டுகிற இரண்டு தாளும் என் கையெழுத்துதான். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசை தவறாமல் போட்டேன். கடைசி வரியை அவன் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல் சொன்னேன். ஒருவரும் அழவில்லை. புரொஜெக்டர் பல்பு கொஞ்சம் மங்கலாக இருந்தது, குறை அதில்தான்.