இடம் மாறிய பெட்டிகள்

பிள்ளைகளே, ஆயுத பூசை முடிந்த வாரம், முத்தியால்பேட்டையில் நான் பேருந்து ஏறியபோது முன் இருக்கைப் பெண் தன் தோழியிடம், "பூசை போட்டதுல பன்னெண்டு பெட்டியும் ஊமையாயிடுச்சுக்கா," என்றாள். இருவரும் சேதராப்பட்டில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை செய்பவர்கள்.

"எந்தப் பெட்டிடி?"

"சுவத்துல சூடு பாக்குற பெட்டிங்க. கழட்டி, சந்தனம் வெச்சு, எடம் மாத்தி மாட்டிட்டேன். சூடு ஏறுறது தெரியாம மருந்து கெட்டா என் வேல போயிடும்."

"எங்க மாட்னா என்னா?"

"சின்ன பேட்டரிக்கா. தூரமா பேசத் தெம்பில்ல. பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததுக்குச் சொல்லும், அப்படியே ஆபீசுக்குப் போய்ச் சேரும். பக்கத்துப் பெட்டியோட ரகசிய நம்பர் மட்டுந்தான் அதுக்குத் தெரியும். வேற பெட்டி கூப்ட்டா வாயே தொறக்காது."

"எல்லா நம்பரும் தெரிஞ்ச தலைவர் பெட்டி எங்க?"

"அப்படி ஒண்ணு கெடையாது. இருந்தா, திருட்றவன் அத மட்டும் திருடுனா போதுமே, எல்லா நம்பரும் அவன் கைல!"

தோழி கொஞ்சம் யோசித்தாள். "தெரிஞ்ச பெட்டி கிட்ட வந்தா?"

"பச்ச லைட்டு எரியும்."

"அப்ப ஒண்ணக் கைல எடுத்துகினு ஒவ்வொண்ணுகிட்டயும் போ. எது பச்ச காட்டுதோ அதுதான் அதோட பக்கத்து வீடு. அப்படியே வரிசையா மாட்டிடு."

சேதராப்பட்டு வருமுன்பே அந்தப் பெண் எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுவிட்டாள்.

தோழி பின்னாலிருந்து கத்தினாள்: "அடுத்த வருசம் சுவத்துல இருக்கும்போதே பொட்டு வைடி!"