ஏழாம் மாடிக் குப்பை அறையும் கூரைக்குள் இருக்கும் பெட்டியும்

தலைமை நாற்காலியைத் தாங்கி அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! பெரிய ஜெனரேட்டர் வாங்கியே தீருவது என்று மேடை ஏறியிருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்படி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைபேசிக்குள் குடியிருக்கும் பிள்ளைகளே! அனைவரையும் வணங்கி, வாக்கெடுப்புக்கு முன் என் வார்த்தைகளை வைக்கிறேன்.

மழை கொட்டிய அந்த மாலை உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, லிஃப்ட் ஏறியது, இறங்கியது. எல்லாம் இயங்கியது என்று மகிழ்ந்தோம். எல்லாமா இயங்கியது? அட்டையைக் காட்டினால் திறக்கும் ஏழாம் மாடிக் குப்பை அறைக் கதவு இயங்கியதா? அந்த அறையின் காற்றை வெளியே தள்ளும் விசிறி சுழன்றதா? உள்ளே அகப்பட்டிருந்த என் நாத்தனாரை உங்களில் எவராவது எண்ணிப் பார்த்தீர்களா?

அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சன்னல் இல்லாத அந்த அறைக்குள் நின்று சிரித்துப் பாருங்கள், தெரியும்.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. சர்க்கரை நோய்க்காரர். எதிர்வீடு. எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் மகள் திருமணப் பந்தியில் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்க "உப்பே இல்லை" என்றாரே, அன்றிலிருந்து. ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்டு நான்தான் போனேன்.

"யாரு உள்ள?"

"நான்தான். யாரு, அண்ணியா?"

"ஆமா. அட்டையைக் காட்டித் திறக்க வேண்டியதுதானே?"

"காட்டிக் காட்டிக் கையே வலிக்குது. பொத்தானையும் அமுக்கிட்டேன். அசையவே மாட்டேங்குது."

"அழாதே. செயலாளரைக் கூப்பிடுறேன்."

"நான் எங்க அழுதேன்? நாத்தம் தாங்கல, அதான் மூக்கை உறிஞ்சுறேன்."

செயலாளர் வந்தார். கதவைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தார்.

"லைட்டுதான் எரியுதேம்மா! ஜெனரேட்டர் நல்லாத்தான் ஓடுது."

"லைட்டு எரியுதுங்க. கதவு திறக்கலையே?"

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக். தானா திறக்கும்."

உள்ளேயிருந்து நாத்தனார் கேட்டார்: "எப்போ? நான் செத்ததுக்கு அப்புறமா?"

அதன் பிறகு உள்ளே பேச்சு நின்றது. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவை உடைக்க ஆள் தேடிச் செயலாளர் ஓடினார். அவர் திரும்புவதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. கதவு தானாகவே திறந்தது. நாத்தனார் சர்க்கரை இறங்கி, மயங்கித் தரையில் கிடந்தார். தண்ணீர் தெளித்து, சர்க்கரையை நாக்கில் வைத்து எழுப்பினோம்.

மறுநாள், கதவுகளைப் பொருத்திய நிறுவனத்து ஆள் வந்து கூரைப் பலகையைக் கழற்றிக் காட்டினார். மாடிக்கு மாடி ஒரு சின்னப் பெட்டி. கதவைத் திற, விசிறியைச் சுழற்று என்று சொல்வதெல்லாம் அதுதான். கீழே அலுவலகத்தில் உள்ள தலைமைப் பெட்டிக்கு பேட்டரி வைத்திருக்கிறோம். மாடிப் பெட்டிக்கோ பேட்டரியும் இல்லை, ஜெனரேட்டர் கம்பியும் இல்லை. ஏன் இல்லை? எதையெதை ஜெனரேட்டரில் இணைப்பது என்று கமிட்டி கட்டடம் முழுக்க நடந்து பார்த்தது. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தது. கூரைக்குள் இருப்பது எவர் கண்ணில் படும்? ஆக, தலைமைப் பெட்டி விழித்திருந்து உத்தரவு போட்டது. கேட்க வேண்டிய பெட்டி செத்துக் கிடந்தது!

சோதனை செய்தோமே என்கிறார் செயலாளர். செய்தோம் ஐயா, செய்தோம். முதல் நாளே அறிவிப்பு ஒட்டினீர்கள்: மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கப் போகிறோம், யாருக்கும் சிரமம் வராதபடி கதவுகளைத் திறந்து பூந்தொட்டியை முட்டுக் கொடுத்து வையுங்கள் என்று. வைத்தோம். எந்தக் கதவும் எவரையும் அடைக்கவில்லை. அபார வெற்றி என்று அறிவித்தீர்கள். கதவுகளையா சோதித்தோம்? பூந்தொட்டிகளைச் சோதித்தோம்! அவை தேர்ச்சி பெற்றன.

தலைவர் மணியைத் தொடுகிறார். இருங்கள், முடித்துவிடுகிறேன்.

பெரிய ஜெனரேட்டர் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பெட்டிக்குக் கம்பி போகாவிட்டால் பெரிதென்ன, சிறிதென்ன? கம்பி போட்டாலும், ஜெனரேட்டர் உறுமி எழுவதற்குள் பெட்டி ஒருமுறை செத்துத்தான் பிழைக்கும். அதனால் முதலில் மாடிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பேட்டரி வையுங்கள், அதன் பின் ஜெனரேட்டர் கம்பியை இழுங்கள். எந்தக் கதவையும் உள்ளிருந்து கையாலேயே திறக்க ஒரு கைப்பிடியும் போடுங்கள். அடுத்த சோதனையைக் கதவுகளைச் சாத்தி வைத்து நடத்துங்கள்.

என் நாத்தனார் இன்று வரவில்லை. குளிக்கும்போதுகூட இப்போது கதவைச் சாத்துவதில்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து மகனிடம் போகிறாராம். சாமான் கட்டியாகிவிட்டது. கதவைச் சரி செய்தால் இருப்பாரா என்று என் கணவரை விட்டுக் கேட்டேன். "உங்க சங்கம் முதல்ல கையைத் தூக்கட்டும், அப்புறம் மூட்டையை அவிழ்க்கிறேன்னு அண்ணிகிட்ட சொல்லு" என்றாராம்.

அவர் போனால் அந்த வீட்டுக்கு வேறொருவர் வருவார். நல்லவராகவே இருப்பார். ஆனால் இந்த வயதில், ஒரு சண்டையை முதலிலிருந்து தொடங்க என்னால் ஆகுமா?

ஆகவே அன்பர்களே, அன்னையரே, பேட்டரிக்காகக் கை தூக்குங்கள். மூட்டைகள் அவிழட்டும். மணியடிக்காமல் பொறுத்த தலைவருக்கும், காது கொடுத்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.