நன்றாகப் பயந்துகொள் என்று சொன்ன சிஸ்டருக்கு

அறுவைப் பிரிவின் அரணே! அஞ்சி வந்தவர்க்கு ஆதரவே! வெள்ளுடுப்பில் நடமாடிய விழிப்பே! எங்கள் தலைமைச் செவிலியே, சிஸ்டரே, வணக்கம்!

ஊசி குத்துவதில் உறுதி, உள்ளதை உரைப்பதில் ஒளிவின்மை, எங்களைத் திட்டுவதில் தினமும் ஒரு புதுமை என்று இத்தனை காலம் இந்த மருத்துவமனையைத் தாங்கி, இன்று விடைபெறும் உங்களை வாழ்த்த, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சலவைக்கூடத்துப் பெண்கள் வந்து நிற்கிறோம்.

நனைந்த போர்வை சுமக்கும் எங்களில் சிலருக்கு மார்பே பெரிய சுமை. சபையில் சொல்லக் கூச்சம்தான். ஆனால் தோளில் உள்ளாடைப் பட்டை அறுத்த பள்ளத்தையும், மார்புக்கு அடியில் ஆறாத புண்ணையும் கூசாமல் பார்த்து, மார்பைக் குறைக்க அறுவை உண்டு என்று வழிகாட்டிய விளக்கே! விளக்கு வந்தால் பயமும் சேர்ந்துதானே தெரிகிறது? தழும்பு மறையாது என்றீர்கள். காம்பில் உணர்ச்சி மங்கலாம், போயே போகலாம் என்றீர்கள். “இன்னொரு பிள்ளை பெத்தா பால் வருமா சிஸ்டர்?” என்று, எல்லோருக்குமாக இதை வாசிக்கும் நான் கேட்டேன். “வரலாம், வராமலும் போகலாம். வேணும்னா பெத்துட்டு வா, கத்தி எங்கேயும் ஓடிடாது” என்றீர்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் இஸ்திரிக்காரியை அறுவை அறை வாசலில் இருந்தே திருப்பி அனுப்பிய கண்டிப்பே! அவள் கடைவாயில் புகையிலை. “ஆப்பரேஷன் என்ன வாயிலயா பண்றீங்க?” என்று சண்டைக்கு வந்தாள். “புகையிலை போட்டா ரத்தம் சரியா ஓடாம, தைச்ச தோல் கருகிடும்டி. அப்புறம் வாய் மட்டும்தான் மிச்சம்” என்றீர்கள். புகையிலையை விட்டு, பிறகு அறுவை செய்துகொண்டு, ஆறும்வரை மூட்டை தூக்காமல் வீட்டில் உட்கார்ந்து, இதோ முன்வரிசையில் நிமிர்ந்து இருக்கிறாள். இன்னும் உங்களைத் திட்டுகிறாள்.

வரும் திங்கட்கிழமை என் முறை. நிற்கவைத்து, அறுக்கும் இடம் தெரிய மார்பில் பேனாவால் கோடு போடுவார்களாம். பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்று நம்பித்தான் தலையாட்டினேன். இன்றோடு உங்களுக்கு ஓய்வு. எல்லோரும் பயப்படாதே என்கிறார்கள். அதைக் கேட்டால் பயம் இன்னும் கூடுகிறது. நீங்கள் ஒருவர்தான், “நல்லா பயந்துக்கோ. பயந்தவதான் கேள்வி கேப்பா. கேக்காம கையெழுத்துப் போடாதே” என்றீர்கள். பிள்ளை பெற்ற பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றவள் நான். ஆனாலும் நேற்று உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கேட்டேன். மயக்க மருந்து, சாப்பிடும் மாத்திரை, சீழ் பிடித்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம். அவர் பதில் சொல்லச் சொல்லப் பயம் ஏறியது. எழுந்து ஓடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பண்பின் பெருக்கே! கண் மங்காமல், கால் வலிக்காமல், விடிந்த பிறகும் தூங்கி, நெடுங்காலம் நலமோடு வாழ்க! திங்கட்கிழமை மட்டும் பார்வையாளர் நேரத்தில் வாருங்கள். “என் அக்கா வருவாள், தடுக்காதே” என்று உங்களைத்தான் காவலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நன்றியோடும் நடுக்கத்தோடும்,
சலவைக்கூடத்துப் பெண்கள்