மூடியிருந்த பெட்ரோல் நாப்

செவ்வாய், நவம்பர் 12

இன்று பைக் ரிப்பேர் வகுப்பில் ஒரு தவறு செய்தேன். பாகங்களைக் கழுவுவதற்காகப் பெட்ரோல் ஊற்றி வைத்திருந்த தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டேன். ஓரத்தில் வைக்கக் கூடாது என்று போன வாரம் கூடப் படிக்கும் கூரியர்காரனுக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். திரும்பும்போது முழங்கை பட்டது. தட்டு தரையில் விழுந்தது. பெட்ரோல் என் செருப்பு வரை வந்தது.

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "யாரும் சுவிட்ச் மேல கை வைக்காதீங்க. அப்படியே வெளிய நடங்க" என்றார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வாடை போகும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. எங்கள் பைகள் உள்ளே இருந்தன. அதனால் வீட்டுக்கும் போக முடியாது.

இருட்டில் வாசல்படியில் உட்கார்ந்தோம். வெல்டர் அண்ணன், கூரியர்காரன், நான். மாஸ்டர் மேல்படியில். எல்லோருமே பகல் முழுக்க எங்கோ உழைத்துவிட்டு ரிப்பேர் படிக்க வருகிறவர்கள். உட்கார்ந்ததுமே கூரியர்காரன் தூணில் சாய்ந்துவிட்டான்.

"டபுள்செக், நாளைக்கு ஒரு டேங்கையே கவுத்துடு. ஒரு வாரம் லீவு கிடைக்கும்."

எதையும் இரண்டு முறை பார்ப்பேன் என்று அவன் வைத்த பெயர் அது. இன்று அந்தப் பெயருக்கு நான் லாயக்கில்லை.

"சும்மா இருடா, அவளே நொந்து போயிருக்கா" என்றார் வெல்டர் அண்ணன். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். "எனக்கு இந்த வாடை ஆகாது தங்கச்சி. எங்கூட வேலை பார்க்கிறவனோட அத்தான் ஒருத்தர் இருக்கார். அவர் கதை ஞாபகம் வந்துடும்."

கூரியர்காரன் நிமிர்ந்தான். "பேய்க் கதையாண்ணே?"

"பேயான்னு தெரியல. ஒழுகல் கதை."

அவர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன். எனக்கு அவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொல்ல வராது.

இரவு ஒரு மணி. ஒரு பக்கம் நீளமான கிடங்குச் சுவர். இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். நடுவில் சாலை. விளக்கு இல்லை... நாய் கூட இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து அத்தான் அந்த வழியாகத்தான் வருவார். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அதற்காகவே ஒரு பழைய பைக் வாங்கியிருந்தார். புரோக்கர் மூலம் வாங்கியது. முன்னால் யார் ஓட்டினார்கள் என்று கேட்கவில்லை. விலை படிந்ததே பெரிது.

வீடு சின்னது. தெருவில் விட்டால் வண்டி காலையில் இருக்காது. அதனால் படியில் ஒரு பலகையைப் போட்டு முன்னறைக்குள் ஏற்றி வைப்பார். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் மனைவி, கைக்குழந்தை, அடுப்பு.

வண்டி வாங்கிய முதல் நாளே ஒன்றைக் கவனித்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் இன்ஜின் இரண்டு முறை இருமியது... தானாக நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சாவியைத் திருப்பும் வேலை கூட இல்லை. குனிந்து பார்த்தால், டேங்குக்கு அடியில் இடது பக்கம் பெட்ரோலைத் திறந்து மூடும் நாப் மூடியிருக்கும்.

"தூக்கக் கலக்கத்துல நானே மூடியிருப்பேன்னு நெனச்சாராம்" என்றார் வெல்டர் அண்ணன். "மாவு பெசஞ்சு பெசஞ்சு தோள்பட்டை விட்டுப் போயிருக்கும். அந்நேரத்துல தன் பேரே ஞாபகம் இருக்காது."

"எனக்கு இப்பவே இல்ல" என்றான் கூரியர்காரன்.

மாஸ்டர் மேலிருந்து சொன்னார்: "நாப்பை மூடினதும் வண்டி நிக்காது. கார்ப்பரேட்டர் கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடும்."

"அதேதான் மாஸ்டர். அவருக்கும் அது ஒரு நாள் உறைச்சுது."

வாசலில் நிற்க வேண்டும் என்றால் எங்கேயோ முன்னாலேயே மூட வேண்டும். எங்கே? லீவு நாளில் பகல் வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்தார். தெருமுனையில் மூடினால் வீட்டைத் தாண்டி ஓடியது. பாலத்தில் மூடினால் பாதி வழியில் நின்றது. கிடங்குச் சுவர் தொடங்கும் இடத்தில் மூடினார்... சரியாக வாசலில் வந்து நின்றது.

அந்த இடத்தில் தான் நாப்பைத் தொட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் நாப்பைத் திறந்த நிலையிலேயே கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கிவிட்டார். அன்று இரவு இன்ஜின் நிற்கவில்லை. அவரே சாவியைத் திருப்பி அணைத்தார். உள்ளே ஏற்றினார். அப்பாடா என்று படுத்தார். கம்பியை அவிழ்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

எதற்கோ விழிப்பு வந்தது. முதலில் சத்தம்... டப். கொஞ்சம் விட்டு, டப். அப்புறம் வாடை. கண் எரிந்தது. குழந்தை இருமி இருமி அழுதது. மனைவி பால் சுட வைக்க எழுந்து அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். பகலெல்லாம் குழந்தையோடு மல்லாடியவள், மூக்கடைப்பு வேறு. திரையின் அடி நனைந்திருந்தது. அவள் கையில் தீப்பெட்டி.

அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க, பிள்ளை அழுவுது."

"உரசாதே... கீழ போடு. உரசாதே."

எங்களுக்குப் பின்னால் திறந்திருந்த கதவிலிருந்து இன்னும் வாடை வந்துகொண்டிருந்தது. கூரியர்காரன் என் பக்கமாக ஒரு படி இறங்கி உட்கார்ந்தான்.

விடிந்ததும் அவள் சொன்னாளாம்: "வண்டி உள்ள இருந்தா நான் பிள்ளையைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். வண்டி வெளிய இருந்தா திருடன் தூக்கிட்டுப் போயிடுவான். யார் போனா பரவாயில்லைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வண்டி போனால் வேலை போகும். அவள் போனால்... அவர் அதை யோசிக்கவே இல்லை. வண்டியை வெளியே தள்ளி, கம்பியை அவிழ்த்து நாப்பை மூடினார். ஒழுகலைத் தேட ஆரம்பித்தார்.

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் கவனித்துக் கேட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். டேங்கின் அடியிலிருந்து கார்ப்பரேட்டர் வரை துணியால் ஈரம் போகத் துடைத்தார். குழந்தையின் பவுடரை டியூபிலும் இணைப்புகளிலும் நாப்பைச் சுற்றியும் தூவினார். எங்கே நனைகிறதோ அங்கே பவுடர் கறுக்கும். நாப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்தார். டியூப் வெள்ளையாகவே இருந்தது. நாப்பும் அப்படியே. கார்ப்பரேட்டருக்கு அடியில், மிஞ்சிய பெட்ரோல் வெளியேறும் சின்னக் குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது... தொங்கியது... விழுந்தது.

கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே மிதவை நன்றாக இருந்தது. மிதவை மேலே வந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசியின் முனையில் வளையம் போல ஒரு தேய்மானம். அதனால் ஊசி சரியாக அடைக்கவில்லை. நாப் திறந்திருக்கும்வரை பெட்ரோல் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலையில் மணலில் நிறுத்தியதால் அங்கே தெரியவில்லை. வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று மட்டும் நினைத்திருந்தார்.

"ஊசி உட்கார்ற இடத்தையும் பார்த்தாரா?" என்றார் மாஸ்டர்.

"பார்த்தார் மாஸ்டர். சுத்தமா இருந்துச்சு. புது ஊசி போட்டார்."

ராத்திரி முழுக்க நாப்பைத் திறந்தே வைத்து அடியில் பேப்பர் விரித்தார். காலையில் பேப்பரில் ஒரு பொட்டு கறை இல்லை. அவள் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தாள். "சரி, இருக்கட்டும்" என்றாள்.

அன்று இரவு. மறுபடியும் கிடங்குச் சுவர். அவருக்கே ஒரு யோசனை வந்தது. ஊசி புதிதுதான், இருந்தாலும் இனிமேல் நாமே மூடிவிடுவோம், நல்ல பழக்கம்தானே. வேகத்தைக் குறைத்தார். இடது கையைக் கிளட்சிலிருந்து எடுத்தார். முழங்காலை ஒட்டி டேங்குக்கு அடியில் கொண்டு போனார். பார்க்காமலே இடம் தெரியும்...

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

"ஐயோ, நிறுத்துங்கண்ணே" என்றான் கூரியர்காரன். அண்ணன் நிறுத்தவில்லை.

"வழவழன்னு இருந்துச்சாம். தீக்காயம் ஆறின தோல் இருக்கும் பாரு, அந்த மாதிரி. விரல் மேல விரல் பட்டுது. நகம் இல்ல. இவர் கையை எடுக்கவும் இல்ல, எடுக்க வரவும் இல்ல. அது பதறாம நாப்பை மெதுவா மூடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வாசல்ல இன்ஜின் நின்னுச்சு. வண்டியை உள்ள ஏத்தினார். சோப்பு போட்டுக் கை கழுவினார். படுத்தார். மறுநாள் வேலைக்குப் போகணும்ல."

"வித்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"வித்துட்டு? நீ வந்து பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போவியா?" அண்ணனின் குரலில் எரிச்சல் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இப்பல்லாம் அவர் கையைக் கீழ கொண்டுபோறதில்ல. அது பாட்டுக்கு மூடட்டும்னு விட்டுட்டார். அவர் பயம் அது இல்ல."

"வேற என்ன?" என்று நான்தான் கேட்டேன்.

"புது ஊசி போட்டாச்சு. ஒழுகல. இருந்தும் தெனமும் மூடுது. எதுக்கு மூடுது தங்கச்சி?"

கூரியர்காரன் குனிந்து தன் காலடிப் படியைப் பார்த்தான்.

"இன்னும் எங்கயோ ஒழுகுது. அதுக்குத் தெரியுது... இவருக்குத் தெரியல. ராத்திரில எழுந்து எழுந்து தரையை முகர்ந்து பார்க்கிறாராம். பொண்டாட்டிகிட்ட சொல்லல. சொன்னா கிளம்பிடுவா. தூங்கியே ரொம்ப நாளாச்சு. நேத்து மெஷின் பக்கத்துல கண் அசந்துட்டாராம். பெல்ட்ல கை போகப் பார்த்துச்சு." அவர் மேல்படியைத் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர், நாளைக்கு லீவு போட்டு வண்டியை இங்க கொண்டாரேன்னு அவர் சொல்றார். சரின்னு சொல்லட்டுமா?"

மாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போய் உள்ளே முகர்ந்தார். திரும்பி வந்தார். "கொண்டாரச் சொல்லு. டபுள்செக் பார்க்கட்டும்."

"நானா மாஸ்டர்? இன்னிக்குத்தான் தட்டைக் கவுத்தேன்."

"எல்லாம் சரியா இருக்குன்னு யார் சொன்னாலும் நீ நம்ப மாட்டே. நீ சொன்னாலும் நம்ப மாட்டே. அந்த வண்டிக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்."

அது பாராட்டா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பை மூன்று முறை கழுவினேன். தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது, ஆனால் படுக்கத் தோன்றவில்லை. வெல்டர் அண்ணன் கதை கட்டுகிற ஆள்தான். ஆனால் அந்த பெல்ட் விஷயத்தைச் சொல்லும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

நாளை செய்ய வேண்டியது: வண்டியை வெளியிலேயே நிறுத்தி, பெட்ரோலை முழுக்க இறக்கி, டேங்கைக் கழற்ற வேண்டும். சீட் மறைக்கும் பின்பக்கத்தில், அடி வெல்டிங் ஓரமாகத் துரு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அவர் பவுடர் போட்டிருக்க மாட்டார்; டேங்க் நிறைந்திருந்தால்தான் அங்கே கசியும். எல்லாவற்றுக்கும் முன்னால், நாப் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்து, கண்ணால் பார்க்க வேண்டும். கையை விட்டுத் தடவிப் பார்க்கக் கூடாது.